சிவப்பெல்லாம் தக்காளி அல்ல

மேற்கு ஆப்பிரிக்கச் சமையலைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து நிலைத்துப்போயிருக்கிறது. தக்காளி, வெங்காயம், கடும் காரமான மிளகாய் கொஞ்சம். மூன்றையும் மிக்ஸியில் அரைத்து எண்ணெயில் வதக்கிவிட்டால் அங்குள்ள எல்லாக் குழம்புக்கும் அடிப்படை தயார் என்பதே அது. சமையல் காணொளிகள் பலவும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. லாகோஸிலோ அக்ராவிலோ வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்களைக் கேட்டாலும், “நம்ம தக்காளித் தொக்குதாங்க, கடுகு தாளிக்க மாட்டாங்க, காரம் மட்டும் தூக்கலா இருக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. சின்னப் பிழை என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. இதை நம்பி அடுப்பைப் பற்றவைப்பவருக்குக் கிடைப்பது புளிப்பும் நீர்ப்புமாய், காரம் மட்டும் சுரீரென்று ஏறுகிற ஒரு சிவப்புக் குழம்பு. அதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா அந்த ஊர்ச் சமையல் என்று கைகழுவிவிடுகிறார்கள். குறை செய்முறையில் இருக்க, பழி ஒரு பெரிய சமையல் மரபின் தலையில் விழுகிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

நைஜீரியாவின் தென்மேற்கிலிருந்து தொடங்குகிறேன். யொரூபா மக்களின் அடுப்படியில்தான் இந்த அரைவை மிக நுணுக்கமாக வளர்ந்திருக்கிறது. அங்கே சந்தைக்குப் போகிறவர் மிளகாய் என்று ஒன்றை வாங்கி வருவதில்லை. மூன்று வகை வாங்குகிறார். முதலாவது டாட்டாஷே. ஆழ்ந்த சிவப்பு, கூம்பிய நுனி, நல்ல சதைப்பற்று. காரம் மிகக் குறைவு, இனிப்பு கொஞ்சம் உண்டு. இரண்டாவது ஷோம்போ. நீண்டு மெலிந்தது, நடுத்தரக் காரம். மூன்றாவது அட்டா ரோடோ. ஸ்காட்ச் பானட், ஹாபநேரோ என்று உலகம் அறிந்த வகையைச் சேர்ந்த, சுருக்கம் விழுந்த குட்டி மிளகாய். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 1,00,000-லிருந்து 3,50,000 வரை போகும். முதல் இரண்டும் காப்சிகம் ஆன்னம் இனம், நம் குண்டூர் மிளகாயின் உறவு. ரோடோ காப்சிகம் சைனென்ஸ் என்கிற வேறு இனம்; பழுத்த பழத்தின் வாசனை அதற்கு உண்டு. எரிச்சலையும் மீறி அந்த வாசனை குழம்பில் நிற்கும்.

ஒரு குடும்பத்துப் பானைக்கு நான் போடும் அளவைச் சொல்கிறேன். அரைக் கிலோ டாட்டாஷே, 300 கிராம் தக்காளி, பெரிய வெங்காயம் ஒன்று, ரோடோ இரண்டு. தக்காளியை இதைவிடக் கூட்டிப் போடும் வீடுகள் உண்டு, சரிபாதி போடுகிறவர்களும் உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பானையைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதில் ஏறக்குறைய பாதி எடை, காரம் மிகக் குறைந்த மிளகாயின் எடை. காரத்துக்காக மட்டும் அரைக்கிறார்கள் என்றால், காரம் குறைந்த மிளகாயை அரைக் கிலோ அள்ளிப்போடுவானேன்? டாட்டாஷே அங்கே காய்கறி. குழம்புக்குத் திடமும் நிறமும் அடிநாக்கில் நிற்கும் இனிப்பும் அதிலிருந்து வருகின்றன. தக்காளி கொஞ்சம் புளிப்பும் சாறும் கொடுக்கிறது. ரோடோ வாசனையும் காரமும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இன்னொரு சான்றும் அதே அடுப்படியில் இருக்கிறது. யொரூபா வீடுகளில் அட்டா கிகுன் என்று ஒரு டப்பா இருக்கும்: காய்ந்த மிளகாயை இடித்த தூள், நம் வீட்டு மிளகாய்த்தூள் போன்றதே. வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போடுவார்கள். ஹௌஸா மக்கள் சுட்டெடுக்கும் சூயா இறைச்சியின் மேல் தூவும் பொடியிலும் காய்ந்த மிளகாய் உண்டு, வேர்க்கடலையோடும் இஞ்சியோடும். ஆக, வெறும் காரம் வேண்டுமென்றால் அதற்கு எளிய வழி அவர்கள் கைவசமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஒரு கூடை காயவைக்காத மிளகாய்களைத் தேடி வாங்கி, கழுவி, காம்பு கிள்ளி, அரவை மில்லுக்குத் தூக்கிப் போகிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது காரத்தை இல்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. தென்னமெரிக்காவும் மெக்ஸிகோவும் பிறப்பிடமான மிளகாய், போர்ச்சுகீசியரின் அட்லாண்டிக் வணிகத்தோடு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தது. அதற்கு முன் அந்த மண்ணில் காரத்துக்குப் பஞ்சமா என்ன? மெலகெட்டா என்கிற ஏலக்காய்க் குடும்பத்துக் கார விதை இருந்தது. அதைத் தேடி வந்த ஐரோப்பியர் இன்றைய லைபீரியாக் கரைக்குத் தானியக் கரை என்றே பெயர் வைத்தார்கள். நம் மிளகின் நெருங்கிய உறவான பைப்பர் கினீன்ஸ் கொடி காட்டில் விளைந்தது. இக்போ மக்கள் உசிசா என்றும் யொரூபா மக்கள் இயேரே என்றும் அதை இன்றும் சமைக்கிறார்கள். உறைப்புக்கு இத்தனை வழி இருந்த ஊரில் புது மிளகாய் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு, பழைய காரப்பொருள் எதுவும் தராத ஒன்றை அது தந்தது காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. விதைகளும் மிளகும் உறைப்பைத் தரும், சதையைத் தராது. மிளகாய் சதையைத் தந்தது.

நமக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. அதே போர்ச்சுகீசியர் வழியாக அதே மிளகாய் நமக்கும் வந்தது. நாம் அதை வெயிலில் காயவைத்து வற்றலாக்கினோம், தூளாக்கினோம். மிளகு இருந்த இடத்தில் அதை உட்காரவைத்தோம். குழம்புக்குத் திடம் கொடுக்க நமக்குத் துவரம்பருப்பும் தேங்காயும் புளிக்கரைசலும் இருந்தன. ஆகவே நம் கணக்கில் மிளகாய் என்றால் ஆறு, ஏழு, அதிகம் போனால் பத்து. அது எப்போதும் எண்ணிப் போடும் பொருள், நிறுத்துப் போடும் பொருள் இல்லை. அந்தக் கண்ணோடு லாகோஸ் பானைக்குள் எட்டிப் பார்க்கிறவர் மிளகாயைக் காரம் என்று எழுதிக்கொள்கிறார். மிச்சமிருக்கும் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தேடி, தக்காளி என்று எழுதிக்கொள்கிறார். தவறான வாய்ப்பாடு இப்படித்தான் பிறக்கிறது.

அந்த வாய்ப்பாட்டைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் அயமாஷே சமைத்துப் பார்க்கட்டும். ஒகுன் மாநிலத்தின் ஒஃபாடா ஊர்ப் பெயர் தாங்கிய கெட்டி அரிசிச் சோற்றை இலையில் பொதிந்து, அதோடு தருகிற குழம்பு இது. இதில் தக்காளி கிடையாது. சிவப்பே கிடையாது. பழுக்காத பச்சை டாட்டாஷேயும் ரோடோவும் வெங்காயமும் கொரகொரப்பாக அரைத்து, நீர் போகும்வரை சுண்டவைத்து எடுத்துக்கொள்கிறார்கள். தனியாகச் சிவப்புப் பாமாயிலை மூடிய பானையில், அதன் செந்நிறம் வெளிறும்வரை காய்ச்சுகிறார்கள். வீட்டுக்குள் செய்தால் புகை தாங்காது, கொல்லைப்புற வேலை அது. எண்ணெய் ஆறிய பிறகு வெங்காயம், அதன் பின் இரூ. இரூ என்பது பார்க்கியா மரத்தின் விதைகளை வேகவைத்துப் புளிக்கவைத்த பொருள். நம் கருவாட்டைப் போல அதன் மணத்துக்குப் பழகினால் விடமுடியாது. பிறகுதான் பச்சை அரைவை உள்ளே போகிறது, இறைச்சித் துண்டுகளும் அவித்த முட்டையும் சேர்கின்றன. முடிவில் கரும்பச்சையும் பழுப்புமாய் ஒரு குழம்பு, மேலே எண்ணெய் மிதக்க. மிளகாய் அரைவை என்பது தக்காளிச் சாறும் காரமும்தான் என்றால், இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எஃபோ ரிரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கீரைக் கூட்டு அது. ஷோகோ என்கிற கீரை அதற்கு விருப்பமானது. தாவரவியலில் செலோசியா அர்ஜென்ஷியா, நம் பண்ணைக்கீரையேதான். வயல் வரப்பில் களையாக முளைத்து நாம் பறித்துவரும் அந்தக் கீரையை அங்கே பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். இதற்கான அரைவையில் பக்குவம் தெரிந்த பலர் தக்காளியை அண்டவிட மாட்டார்கள். தக்காளி நீர்விடும், புளிக்கும், கீரையின் சுவையை அமுக்கிவிடும். டாட்டாஷே, ரோடோ, வெங்காயம். அதுவும் நைஸாக அரைக்கக் கூடாது, மிளகாயின் தோல் நாக்கில் தட்டுப்பட வேண்டும். மொய் மொய்க்கும் அப்படியே: தோல் நீக்கிய காராமணியோடு டாட்டாஷேயும் ரோடோவும் வெங்காயமும் சேர்த்து அரைத்து, இலையில் கட்டி ஆவியில் வேகவைப்பது. இளஞ்சிவப்பாய் வரும் அந்த நிறத்தைப் பார்த்துத் தக்காளி என்று நினைப்பவர்களே அதிகம். ஒரு துண்டு தக்காளி அதில் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. செனகலின் மீன்சோறான சேபு ஜென்னில், 2021-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய அந்த உணவில், தக்காளி விழுதுக்குப் பெரிய இடம் உண்டு. கார மிளகாயை அரைக்காமல் முழுசாகவே மேலே மிதக்கவிட்டு, மணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்துவிடுவார்கள். கானாவில் வேறு வழி. லைட் சூப்புக்கு மிளகாயையும் தக்காளியையும் வெங்காயத்தையும் இறைச்சியோடு முழுதாக வேகவிட்டு, வெந்தபின் எடுத்து அரைத்து, வடிகட்டி அதே பானையில் திரும்ப ஊற்றுகிறார்கள். கென்கே என்னும் புளித்த மக்காச்சோள மாவு உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள, உட்புறம் வரிவரியாய்க் கீறிய அசன்கா என்னும் மண்சட்டியில் மிளகாயும் வெங்காயமும் தக்காளியும் பச்சையாகவே மசிக்கிறார்கள். அடுப்பே இல்லை. எல்லாருக்கும் ஒரே அரைவை, எல்லாக் குழம்புக்கும் ஒரே அடிப்படை என்று சொல்லும்போது இந்த வேறுபாடுகள் அத்தனையும் மறைந்துபோகின்றன.

“அங்குள்ளவர்களே டின் தக்காளி விழுதைத்தானே கொட்டுகிறார்கள்” என்று சிலர் மடக்குவார்கள். கொட்டுகிறார்கள், உண்மை. ஜொலோஃப் சோற்றுக்கு விழுதை எண்ணெயில் நிறம் கறுக்கும்வரை வதக்கி, அதன் மேல் மிளகாய் அரைவையை ஊற்றுவது நைஜீரிய வழக்கம்தான். அந்த வரியை மறுபடி படியுங்கள்: அதன் மேல் மிளகாய் அரைவையை ஊற்றுவது. இரண்டும் ஒரே பானைக்குள் போகின்றன என்றால் இரண்டுக்கும் வேலை வேறு என்றுதானே பொருள்? ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்கிற நிலை, பெரும்பாலும் விலையால் வருவது. ஒரு சாஷே விழுது, ஒரு கிண்ணம் மிளகாயைவிட மலிவு என்கிற நாளில் ஏழை வீட்டுப் பானையில் விழுதுதான் விழும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வறுமை காட்டிய வழியை மரபின் இலக்கணம் என்று நாம் எழுதிவைக்கக் கூடாது.

விலை மறுதிசையிலும் பாடம் நடத்தியிருக்கிறது. 2016-இல் டூட்டா அப்சொலூட்டா என்கிற அந்துப்பூச்சி வட நைஜீரியத் தக்காளித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. தக்காளி எபோலா என்று மக்கள் பெயர் வைத்தார்கள். கடுனா மாநில அரசு அவசரநிலையே அறிவித்தது. வடக்கிலிருந்து லாரி லாரியாகத் தக்காளி வந்திறங்கும் லாகோஸின் மைல் 12 சந்தையில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது தக்காளி இல்லாத ஸ்டூ பல வீடுகளில் கொதித்தது, டாட்டாஷேயைக் கூட்டிப் போட்டு. அடிப்படையே தக்காளி என்றால் அது நடந்திருக்காது.

இனி வதக்கும் விஷயம். தவறான கருத்து அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான். பத்து நிமிடம் வதக்கினால் போதும் என்று குறிப்புகள் சொல்கின்றன. தக்காளியும் காரமும்தான் என்று நினைத்தால் பத்து நிமிடம் போதும் என்றுதான் தோன்றும். டாட்டாஷேயின் சதை அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது. முதலில் எண்ணெயே ஊற்றாமல், அரைத்ததை அகலமான பாத்திரத்தில் கொதிக்கவைக்க வேண்டும். நடுத்தரத் தீயில் அரை மணிக்கு மேல் ஆகும். ஆரம்பத்தில் மேலே வெளிர் நுரை கட்டும். பிளேடு காற்றை அடித்து உள்ளே விட்டதால் வருவது அது, தானே அடங்கும். கரண்டியை இழுத்தால் அடிப்பாகம் ஒரு நொடி தெரிந்து மறைகிற பதத்தில் நீர் போயிருக்கும். இப்போது இன்னொரு பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக்கி, அதில் இந்த விழுதைக் கொட்டுங்கள். நமக்குக் கை நடுங்குகிற அளவு எண்ணெய் வேண்டும். மிளகாயின் காரமும் நிறமும் தண்ணீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெயைக் குறைத்தால் இரண்டும் வெளியே வராது.

அதன் பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதலில் ‘ப்ளக், ப்ளக்’ என்று பெரிய குமிழிகள் வெடித்துத் தெறிக்கும். விழுதுக்குள் இன்னும் நீர் இருக்கிறது. கால் மணி நேரம் கிளறியபின் அந்தச் சத்தம் சிறுத்து, வறுபடும் சீரான சலசலப்பாக மாறும். கண்ணைக் குத்திய பளீர்ச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். ஓரங்களில் எண்ணெய் கசிந்து, பின் மேலே தெளிந்து நிற்கும். அப்போது கிளம்பும் வாசனையில் பச்சை வாடையும் புளிப்பும் இருக்காது. அதற்கு முன்னால் இறைச்சிச் சாற்றை ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அந்தப் புளிப்பு போகாது. “புளிப்பாக இருந்தது” என்று குறைசொன்னவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள்.

அரைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. வெங்காயத்தை அளவுக்கு மீறி அரைவையில் சேர்த்தால் கசக்கும். வெட்டுப்பட்ட வெங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் கிளம்புவதை நாம் அறிவோம், கண் கரிவது அதனால்தான். பிளேடில் மசிந்து கூழாகும்போது அது பல மடங்காகிறது. ஆகவே பாதியை அரையுங்கள், பாதியை நறுக்கி வதக்குங்கள். தண்ணீரும் அப்படித்தான். லாகோஸ் சந்தை அரவை மில்லில், இஞ்சினின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, “தண்ணி ஊத்தாதே, அதுவே நீர்விடும்” என்று மில்காரப் பையனை அதட்டும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கூம்புத்தட்டில் மிளகாய் விழும்போதே அவர்கள் கண் கீழ்வாயில் இருக்கும். விழுது வேண்டிய பதத்துக்கு மேல் நைஸாக இறங்கினால் அந்தக் கணமே நிறுத்தச் சொல்வார்கள். கருங்கல்லா மிக்ஸியா என்று இங்கே வாதாடுகிறவர்களின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதம்தான் முக்கியம், அது எந்தக் கருவியில் வந்தாலும் சரி.

“எங்களால் அந்தக் காரம் தாங்க முடியாது, அதனால்தான் மிளகாயைக் குறைத்துத் தக்காளியைக் கூட்டினோம்” என்பது நான் அடிக்கடி கேட்கும் சமாதானம். தாங்க முடியாதது நியாயம். கண்டுபிடித்த மருந்து தவறு. குறைக்க வேண்டியது ரோடோவை. அதன் உள்ளே விதைகளைப் பிடித்திருக்கும் வெண்ணிற நரம்பில்தான் காரத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதைச் சீவி எடுத்துவிட்டுத் தோலையும் சதையையும் மட்டும் அரையுங்கள், மணம் நிற்கும். அதுவும் முடியாது என்றால் செனகல்காரர்கள் செய்வதுபோல ஒன்றைக் கீறாமல் முழுசாக மிதக்கவிட்டு எடுத்துவிடுங்கள். டாட்டாஷேயில் கைவைக்காதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் குழம்பாக இருந்தாலும் அது முழு அளவில் இருக்கட்டும்.

நம் ஊரில் டாட்டாஷேக்கு எங்கே போவது? சிவப்புக் குடைமிளகாய் நெருங்கி வரும். அதில் நீர் அதிகம், ஆகவே சுண்டவைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். காஷ்மீரி வற்றலை ஊறவைத்து அரைத்தால் நிறம் வரும், சதை வராது. தக்காளியில் நாட்டுத் தக்காளி வேண்டாம், புளிப்பும் சாறும் மிகுதி. பெங்களூர்த் தக்காளி சரியாக இருக்கும். ரோடோவுக்கு, இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை: சந்தையில் கிடைக்கும் நை மிரிஸ் அதே சைனென்ஸ் இனம். வடகிழக்கின் பூத் ஜொலோக்கியா கிடைத்தால், மணம் அந்தக் குடும்பத்து மணமே. ஆனால் காரம் ரோடோவைவிடப் பல மடங்கு என்பதால் ஒரு மிளகாயில் கால் பங்குக்கு மேல் போடக் கூடாது. இவை எதுவும் இல்லாதவர்கள் சாதாரணப் பச்சை மிளகாய் பழுத்துச் சிவந்ததைப் போட்டுக்கொள்ளலாம். ரோடோவின் பழ மணம் கிடைக்காது, மற்றதெல்லாம் சரியாக வரும்.

வாரத்துக்கு ஒருமுறை அரைத்து உறையவைக்கிறவர்கள் எண்ணெயில் வதக்கும் முன்பே, நீர் சுண்டிய பதத்தில் எடுத்து ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் அடைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூவுக்கும் ஜொலோஃபுக்கும் தக்காளி சேர்த்து நைஸாக அரைத்தது. எஃபோ ரிரோவுக்குத் தக்காளி இல்லாமல் கொரகொரப்பாக அரைத்தது. அயமாஷேக்குப் பச்சை மட்டும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதிவிடுங்கள். மொய் மொய்க்கென்று எதையும் எடுத்துவைக்க வேண்டாம். அதற்கு மிளகாயைச் சுண்டவைக்கவே கூடாது, ஊறிய காராமணியோடு பச்சையாக அப்போதைக்கு அப்போது அரைக்க வேண்டும்.